வேல்ஸ் எஸ்டேட் பத்திரங்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேல்ஸில் ஒரு பழைய எஸ்டேட் யார் யார் கையில் இருந்தது என்று தேட ஆரம்பிப்பவர்கள் நான் ஒரு காலத்தில் செய்த அதே பிழைகளைச் செய்வதைக் காப்பகங்களில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கையெழுத்து புரியாதது, எந்த ஆவணக் கட்டில் பார்த்தோம் என்று குறித்து வைக்காதது மாதிரியானவை போகப்போகத் தானாகச் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன். உதாரணம் தேவைப்படும் இடத்தில் வெல்ஷ்பூல் அருகே இருக்கும் போவிஸ் கோட்டையை எடுத்துக்கொள்கிறேன். அதன் எஸ்டேட் ஆவணங்கள் அபெரிஸ்ட்வித்தில் வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.

பட்டத்தை வைத்து ஆளை முடிவு செய்வது

போவிஸ் ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் 1674, 1748, 1804 என மூன்று முறை புதிதாக உருவாக்கப்பட்டது. அதனால் 'இரண்டாம் ஏர்ல்' மூன்று பேர்: 1745இல் இறந்தவர், 1801இல் இறந்தவர், வேட்டையில் சொந்த மகனின் துப்பாக்கிக் குண்டு தவறிப் பட்டு 1848இல் இறந்தவர். பட்டம் ஒருவரிடமும் நிலம் இன்னொருவரிடமும் இருக்கலாம் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 1801இல் இறந்தவர் கல்யாணம் செய்யாதவர், எஸ்டேட் அவருடைய தங்கை ஹென்ரியேட்டாவின் மகனுக்குப் போனது. ஆனால் 1804இல் ஏர்ல் ஆனது அந்தப் பையனின் அப்பா எட்வர்ட் கிளைவ், அதாவது ராபர்ட் கிளைவின் மகன், 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர். மகன் 1807இல் கிளைவ் என்ற பெயரை விட்டு ஹெர்பர்ட் ஆனார். கிளைவ் என்ற பெயரையே பிடித்துக்கொண்டு போனால் இந்த இடத்தில் வழி தவறிவிடும்.

'விற்றார்' என்று அவசரப்பட்டு எழுதுவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இதுதான். 18ஆம் நூற்றாண்டுப் பத்திரம் ஒன்றைப் பிரிக்கிறார்கள், அதில் குடும்பத் தலைவர் மாளிகை, பண்ணைகள், ஆலைகள் அத்தனையையும் கேள்விப்படாத இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார், உடனே நோட்டில் 'எஸ்டேட் கைமாறியது' என்று ஏறிவிடுகிறது. ஒரு கிராமத்தில் இந்த ஒரு வரியை நம்பிச் சிறு புத்தகம் அச்சடித்து, ஊர் வரலாற்றுப் பலகையிலும் எழுதி வைத்தார்கள். அந்த இருவரும் ஒரு கல்யாண ஏற்பாட்டுக்கான (கல்யாணத்தை ஒட்டிக் குடும்பச் சொத்து யாருக்கு எப்படிப் போக வேண்டும் என்று எழுதி வைப்பது) டிரஸ்டிகள், அதாவது குடும்பத்துக்காகச் சொத்தைப் பெயரளவில் வைத்திருப்பவர்கள், குடும்பம் அதே வீட்டில்தான் தலைமுறைகளாக இருந்தது. பலகையைப் பார்த்து எழுதியவர்கள், அவர்களைப் பார்த்து எழுதியவர்கள் என்று பொய் பரவிய பிறகு யார் போய்த் திருத்துவது?

பத்திரத்தின் வடிவமே ஏமாற்றும். 1841க்கு முன் நிலத்தை மாற்றிக்கொடுக்க வக்கீல்கள் வழக்கமாக இரண்டு பத்திரம் எழுதினார்கள். முதல் நாள், ஐந்து ஷில்லிங் வாங்கிக்கொண்டு ஒரு வருடக் குத்தகை, வாடகை கேட்டால் ஒரு மிளகு. மறுநாள், மீதி உரிமை முழுவதையும் அதே ஆளுக்கு விடுவிக்கும் பத்திரம். ஊரறிய நிலத்தில் நின்று ஒப்படைப்பதும் ஆவணத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதும் இல்லாமல் காரியத்தை முடிக்க இந்த வழி. முதல் பத்திரம் மட்டும் கிடைத்தவர் குத்தகை என்கிறார், இரண்டாவது மட்டும் கிடைத்தவர் விற்பனை என்கிறார். ஆனால் விற்பனை, அடமானம், கல்யாண ஏற்பாடு மூன்றுக்குமே இதே ஜோடிதான்.

கல்யாண ஏற்பாட்டில் மாப்பிள்ளைக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும், அவருக்குப் பின் இன்னும் பிறக்காத மூத்த மகனுக்கு, மனைவி விதவையானால் வருடப்பணம் என்று எழுதுவார்கள். மற்ற பிள்ளைகளின் பங்குத் தொகையைத் திரட்ட டிரஸ்டிகளுக்கு 500 அல்லது 1,000 வருடக் குத்தகை இருக்கும், அதைப் பார்த்ததும் எஸ்டேட் போய்விட்டது என்று நினைப்பவர்கள் தனி ரகம். அப்புறம் அந்த மகனுக்கு 21 வயதானதும் அப்பாவும் அவரும் சேர்ந்து, ஏற்பாட்டின் கட்டை அவிழ்க்கவே காமன் ரெகவரி என்று ஒரு வழக்கை நடத்துவார்கள். எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தது. வேல்ஸில் இது 1830 வரை கிரேட் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடந்தது, 1833இல் சட்டம் இந்த முறையையே ஒழித்தது. அந்த ஏட்டில் யாரோ ஒருவர் நிலத்தை வென்றதாக இருக்கும். அதை நிஜ வழக்கு என்று படிக்காதீர்கள்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? பத்திரத்தின் முன்னுரைப் பகுதியை முழுசாகப் படியுங்கள், அதில் நடக்கவிருக்கும் கல்யாணம் பற்றிப் பேச்சு இருக்கிறதா, நிஜமான விலை இருக்கிறதா, பணத்தைத் திருப்பிக் கட்டினால் நிலம் திரும்பும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எஸ்டேட்டின் அடுத்தடுத்த வருட வாடகைக் கணக்கையும் நிலவரிப் பட்டியலையும் எடுங்கள், 1780 முதல் 1832 வரையிலான பட்டியல்கள் பல மாவட்டங்களுக்குக் கிடைக்கின்றன. வாடகை பழைய குடும்பத்துக்கே போகிறது என்றால் 'விற்றார்' என்ற சொல்லைத் தொடாதீர்கள்.

தேதி

1752க்கு முன் வருடம் பிறந்தது மார்ச் 25. பத்திரத்தில் 10 பிப்ரவரி 1720 என்றால் நம் கணக்கில் 1721.

பதிவு அலுவலகத்தில் எல்லாம் இருக்கும் என்று நம்புவது

நம் ஊரில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது போலப் பார்க்க முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் விற்கும் நிலத்தைப் பதிவது கட்டாயமானது 1990 டிசம்பர் 1இல்தான். 1925 சட்டத்துக்குப் பின் உரிமையைக் காட்ட 30 வருடப் பத்திரங்களே போதும் என்றானதும், பழைய தோல் பத்திரங்கள் குப்பைக்குப் போயின, விளக்கு மூடிகளாகக்கூட வெட்டப்பட்டன. தப்பியவை குடும்பத் தொகுப்புகளில் இருக்கின்றன. அங்கே தேடுங்கள்.

டைத் பட்டியல்

டைத் என்பது விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் தேவாலயத்துக்குக் கொடுத்தது. அதற்கான இந்த நிலப் பட்டியல் 1836 சட்டப்படி தயாரானது, வயல் பெயருக்குத் தங்கச் சுரங்கம். 'உரிமையாளர்' பத்தியில் நீண்ட காலக் குத்தகைக்காரர்களும் உண்டு.

மாளிகையும் எஸ்டேட்டும் ஒன்று என்று நினைப்பது

1952இல் நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புக்குப் போனது போவிஸ் கோட்டையும் தோட்டமும். பண்ணைகளின் கதையைத் தனியாகத் தேட வேண்டும்.

ஏலப் பட்டியலை விற்பனையாக எழுதுவது

முதல் உலகப் போருக்குச் சற்று முன்னும் பின்னும் வேல்ஸில் பல எஸ்டேட்டுகள் துண்டு துண்டாக ஏலத்துக்கு வந்தன, குத்தகை விவசாயிகளே நிறைய வாங்கினார்கள். ஆனால் அச்சடித்த பட்டியல் சொல்வது, ஏலத்துக்கு வைத்தார்கள் என்று மட்டும். விலை படியாமல் திரும்பப் பெற்ற துண்டுகளும் அதில் இருக்கும். ஓரத்தில் யாராவது பென்சிலில் விலை குறித்திருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் ஏலம் நடந்த வாரத்து உள்ளூர்ப் பத்திரிகையை எடுங்கள். 1919 வரையிலான பல வேல்ஸ் செய்தித்தாள்களை தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.