உப்புக்காற்று ஊரில் ஒரு சக்கிமுக்கித் துப்பாக்கி: முதல்முறை துடைப்பவர்களுக்கு

கடலூர் முதுநகரில் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய துப்பாக்கி மாட்டியிருக்கிறது. புதுச்சேரியில் ஒரு சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் சேவகம் பார்த்தவர் குடும்பம், வீட்டைக் காலி செய்தபோது தாத்தா வாங்கி வந்தது. குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெஜக்கோலால் இடித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடுகிற வகை. விசேஷத்துக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லாரும் "இதை யாராவது துடைக்கக் கூடாதா" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். கடைசியில் அது என் தலையில் விழுந்தது. ஆறு வருஷமாகச் செய்து, கெடுத்து, கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். சுடுவதற்கான விளக்கம் இல்லை இது, துருப்பிடிக்காமல் வைத்துக்கொள்வதற்கு மட்டும்.

முதலில் காகிதம். "பழசுதானே, லைசென்ஸ் எதற்கு" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்குக் கொடுக்கிறது. சுடக்கூடிய நிலையில் இருந்தால் எத்தனை தலைமுறைப் பழசானாலும் உரிமம் வேண்டும். அது எந்த ரகம் என்று நீங்களே முடிவு செய்யாமல் கலெக்டர் ஆபீசில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. இதைத் தாண்டி எதையும் தொடாதீர்கள். கருமருந்து ஈரம்படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் பற்றும். குழல்வாய்க்கு நேராக முகமோ கையோ வராமல் பக்கவாட்டில் நின்றுகொண்டு, ஒரு மரக்கோலை உள்ளே மெதுவாக விடுங்கள். நின்ற இடத்தில் குழல்வாயை ஒட்டிக் கட்டைவிரலால் பிடித்து, அப்படியே வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி, குழலின் அடிப்பக்கத்தில் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் துளை வரை வர வேண்டும். அந்தத் துளைக்குப் பற்றுவாய் என்று பெயர், வெளியே அதை ஒட்டி இருக்கும் சின்ன மருந்துக் கிண்ணியில் பற்றிய நெருப்பு அதன் வழியாகத்தான் உள்ளே போகும். கோல் இரண்டு மூன்று விரல்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள்.

எங்கள் துப்பாக்கியில் நாலு விரல்கடை குறைந்தது. ரெண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. குழந்தைகள் ஓடும் கூடத்தில், ஊஞ்சலுக்கு நேர் மேலே, இத்தனை வருஷம் நிரப்பிய துப்பாக்கியா மாட்டியிருந்தோம் என்று பெரியம்மா ஒரு பாட்டம் அழுதுவிட்டார். உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் தண்ணீர் விட்டு ஊறவைத்து, நுனியில் திருகு வைத்த கம்பியால் இழுத்தார். கொத்தாக வந்தது குளவிக்கூட்டு மண். சிரித்தோம் என்றாலும் அவரைக் கூப்பிட்டதுதான் சரி. உங்களுக்கும் கோல் குறைந்தால் நோண்டாதீர்கள், துளை போடாதீர்கள், சூடு காட்டாதீர்கள். ஆளைக் கூப்பிடுங்கள்.

சரி, காலிதான் என்று உறுதியாகிவிட்டது. தேவையான சாமான்கள் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய வேட்டித் துணி, தையல் மிஷின் எண்ணெய், துரு இளக்கும் எண்ணெய் ஸ்ப்ரே, மெல்லிய பித்தளை பிரஷ், தேன்மெழுகு, ரப்பர் கையுறை, நாலரை அடி மரக்கோல். கோலின் நீளத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பிரெஞ்சுக்காரர்களின் ஷார்ல்வில் துப்பாக்கிக்குக் குழல் மட்டுமே மூன்றே முக்கால் அடி. கையுறையும் அலங்காரத்துக்கு இல்லை, நம் ஊர் வெயிலில் வியர்த்த கையால் பிடித்த இடத்தில் ஒரு மாதத்தில் விரல்ரேகை துருவாக எழும்பும்.

கழற்றுவதற்கு முன் எந்த நாட்டுச் சரக்கு என்று பாருங்கள், ஏனென்றால் கழற்றும் விதமே மாறுகிறது. ஷார்ல்வில் வகையில் குழலையும் அதைத் தாங்கும் மரக்கட்டையையும் சேர்த்து மூன்று உலோகப் பட்டைகள் பிடித்திருக்கும், வாய் அகலம் ஏறத்தாழ 17.5 மில்லிமீட்டர். ஆங்கிலேயரின் பிரவுன் பெஸ் வகையில் பட்டை இருக்காது, கட்டையின் குறுக்கே செருகிய சின்ன ஊசிகள்தான் குழலைப் பிடிக்கும், வாய் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். 1783ல் கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியின் படையும் ஆங்கிலேயப் படையும் மோதியபோது இந்த இரண்டு வகையும் எதிரெதிரே நின்றிருக்கும். அதற்காக நம் வீட்டில் இருப்பது அந்தச் சண்டையில் சுட்டது என்று கதை கட்ட வேண்டாம், எங்கள் பெரியப்பா அதை ஏற்கெனவே கட்டிவிட்டார். வாய்க்குள் சுருள் வரி ஓடினால்தான் ரைஃபிள், வழவழப்பாக இருந்தால் மஸ்கட். பார்ப்பதற்கு பொத்தான் பேட்டரி வைத்த குட்டி எல்இடி விளக்கை நூலில் கட்டி உள்ளே இறக்குங்கள், அடிவரை பளிச்சென்று தெரியும்.

இப்போது பூட்டு. இழுத்து விட்டால் முன்னால் பாயும் குதிரை, அதன் வாயில் கல், எதிரே கல் உரசும் எஃகுத் தகடு, கீழே கிண்ணி, எல்லாம் ஒரே தகட்டில் இருக்கும். அதைத்தான் பூட்டு என்பது. கல்லைக் கழற்றிவிட்டுக் குதிரையைப் பாதி இழுத்த நிலையில் நிறுத்துங்கள். மறுபக்கத்தில் இரண்டோ மூன்றோ ஸ்க்ரூ இருக்கும். திருப்புளியின் நுனி அந்தக் காடியில் முழுசாக, ஆடாமல் உட்கார வேண்டும். நான் முதல் வருஷம் வீட்டிலிருந்த மெல்லிய திருப்புளியால் முக்கித் திருகி ஒரு ஸ்க்ரூவின் தலையைச் சிதைத்தேன். இன்றைக்கும் அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். இப்போது ஒரு பழைய திருப்புளியை அரத்தால் ராவி, காடிக்குச் சரியாக வைத்திருக்கிறேன்.

ஸ்க்ரூக்களை முழுசாக உருவாமல் நாலைந்து சுற்றுத் தளர்த்தி, அவற்றின் தலையில் திருப்புளியின் மரப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். பூட்டு தானாக வெளியே வரும். கத்தி விட்டு நெம்பினால் ஓரத்து மரம் சிம்பு சிம்பாகப் போகும். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தெர்மோகோலில் குத்திப் பக்கத்தில் எந்த இடம் என்று எழுதுங்கள், எல்லாம் ஒன்றுபோல் இருக்கும் ஆனால் நீளம் ஒன்றாக இருக்காது. போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டின் உள்பக்கம் ஒரு பெரிய வில் (ஸ்பிரிங்) தெரியும். அதைக் கழற்றாதீர்கள். அதற்குத் தனி இடுக்கி வேண்டும், இல்லாமல் முயன்றால் வில் உடையும், அல்லது விரல். பிரஷால் அழுக்கைத் தட்டி, துணியால் துடைத்து, உரசும் இடங்களில் குச்சி நுனியால் ஒவ்வொரு சொட்டு எண்ணெய். எண்ணெய் வழிய விட்டால் அது மரத்தில் இறங்கிக் கட்டை கறுத்து மெத்தென்று ஆகிவிடும்.

குழலின் உட்புறம்தான் நேரம் எடுக்கும். வாயைக் கீழே பிடித்து, பரப்பிய செய்தித்தாளில் தட்டுங்கள். எங்களுடையதில் சிலந்திக்கூடு, துருத்தூள், ஒரு பல்லி முட்டை ஓடு. அடுத்து எண்ணெய் தொட்ட துணியைக் கோலின் நுனியில் இறுக்கிக் கட்டி விட்டு எடுங்கள், அதாவது உள்ளே கழன்று மாட்டாத அளவுக்கு. துணி சிவப்பாக வந்தால் துரு, எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்துத் திரும்பத் திரும்ப இழுத்தால் போகும். கறுப்பாக, நனைத்தால் அழுகிய முட்டை வாடையோடு வந்தால் அது பழைய மருந்துக்கரி.

கருமருந்து என்பது எடையில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு பாதிக்கு மேல் திடமாகவே தங்கிவிடும், அதில் பெரும்பாலும் பொட்டாசியம் உப்புகள், காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். கடலோரத்தில் கேட்கவே வேண்டாம். இவை எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் இந்தக் கரி இருந்தால் மட்டும், கை பொறுக்கும் வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, துணி வெளுப்பாக வரும்வரை இழுங்கள். பற்றுவாயையும் பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள், ஆணி வேண்டாம், துளை பெரிதாகிவிடும். பிறகு காய்ந்த துணி, இன்னொரு காய்ந்த துணி, அரைமணி நேரம் மின்விசிறிக் காற்று, உடனே எண்ணெய். சாயங்காலம் பூசிக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் செம்மை படர்ந்துவிடும்.

குழலைக் கட்டையிலிருந்து பிரிப்பதா? பட்டை வைத்ததாக இருந்தால், பிடிப்பு வில்லை அழுத்திப் பட்டைகளை முன்பக்கமாக நகர்த்தி, பின்னால் இருக்கும் வால் ஸ்க்ரூவையும் எடுத்தால் பிரியும். ஊசி வைத்ததாக இருந்தால் முதல் தடவை வேண்டவே வேண்டாம், கட்டை அந்த இடத்தில் பப்படம்போல் மெலிந்திருக்கும்.

வெளிப்புறத்தில் கை துறுதுறுக்கும், அடக்குங்கள். பழுப்பேறிய நிறம் துரு இல்லை, வயது. விரலால் தடவினால் செம்பொடி ஒட்டுகிறதா, அதுதான் துரு, அதை மட்டும் எண்ணெயும் பித்தளை பிரஷும் கொண்டு எடுங்கள். உப்புத்தாள் போட்டால் தகட்டில் இருக்கும் முத்திரை அழியும். பித்தளை பாகத்தைப் பூஜைப் பாத்திரம்போல் புளி போட்டு விளக்கலாம் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். புளி அமிலம், அது ஸ்க்ரூக் காடிகளில் தங்கிப் பச்சை பூக்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாளானால் காறிப்போகும்.

கட்டைக்குத் துணியில் கொஞ்சம் தேன்மெழுகு போதும். மரம் மிகவும் வறண்டிருந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெயை ஒரு கை தேய்க்கலாம். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயப்போட்டு எறியுங்கள்.

மாட்டும்போது பூட்டில் கல்லுக்குப் பதிலாக அதே அளவு மரத்துண்டை வைத்து, குதிரையை இறக்கி வையுங்கள். வருகிற பையன்கள் இழுத்துப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள், கல் இருந்தால் எஃகுத் தகடு பாழாகும். தோல் உறையிலோ பிளாஸ்டிக்கிலோ சுற்றி வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். உப்புப் பூத்த சுவரைத் தொடாமல் ஒரு பலகை கொடுத்து, கொக்கிகளில் துணி சுற்றி மாட்டுங்கள். கட்டையில் பொடிப்பொடியாக மரத்தூள் விழுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள், உளுக்கிறது என்று பொருள்.

எப்போது செய்வது என்றால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு தடவை, பொங்கல் கழிந்து ஒரு தடவை. புயல் வந்தால் கூடுதலாக ஒரு தடவை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது மூன்று நாள் வீடே ஈரமாகக் கிடந்தது, நாலாம் நாள் பார்த்தால் பட்டைகளின் ஓரத்தில் செந்தூள்.

முதல் தடவைக்கு ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் சரியாக அமையும். ஆனால் பூஜையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வருஷம் நான் துடைத்துப் பளபளவென்று வைத்ததும் பெரியப்பா குழலில் மூன்று இடத்தில் ஈரச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். பத்து நாள் கழித்துத் துடைத்தால் பொட்டுக்குக் கீழே வட்டமாக மூன்று துருப்பள்ளம், இன்றுவரை போகவில்லை. இப்போது பொட்டு, மாட்டும் பலகைக்கு.