வியாழன் நிலவுகளின் கிரகண நேரம்: பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாழனின் நான்கு பெரிய நிலவுகள் (ஐஓ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ) அக்கோளின் நிழலுக்குள் புகும் நேரத்தையும் வெளிவரும் நேரத்தையும் தொடர்ந்து குறித்துவந்தால், அவற்றின் சுற்றியக்கத்தைச் சிறிய தொலைநோக்கியைக் கொண்டே பின்தொடர முடியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் கொடைக்கானலிலும் அதன் மேல்மலைக் கிராமங்களிலும் கிடைக்கும் தெளிந்த இரவுகள் இதற்கு ஏற்றவை. இத்தகைய பதிவுகள் வீணாவதற்குக் கருவியின் சிறுமை காரணமாவது அரிது. எந்த நிகழ்வின் நேரம், எந்தக் கடிகாரத்தின் நேரம், அதில் எதைக் கூட்டினோம், எதைக் கழித்தோம் என்பவை தெளிவாக எழுதப்படாமையே பெரும்பாலும் காரணம்.

கோளின் நிழலில் நிலவு மங்குவது கிரகணம். கோளின் வட்டுக்குப் பின்னால் போவது மறைப்பு. இரண்டிலும் நிலவு கண்ணுக்குத் தெரியாமல் போவதால், புதிதாகப் பதிவு செய்பவர்கள் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடுகிறார்கள். வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வரும் எதிர்நிலை நாளுக்கு (அண்மையில் அது 2026 ஜனவரி 10) முன்னர் அதன் நிழல் மேற்குப் பக்கம் விழும். பின்னர் கிழக்குப் பக்கம் விழும். ஆகவே எதிர்நிலைக்கு முன் ஐஓ நிழலுக்குள் புகுவதை மட்டுமே காணலாம், பின் வெளிவருவதை மட்டுமே காணலாம். மற்றது கோளின் வட்டுக்குப் பின்னால் நடந்துவிடுகிறது. வெளிவரும் நிலவு கோளின் விளிம்பை ஒட்டித்தான் தோன்றும் என்று எண்ணி அங்கேயே பார்த்திருப்பதும் தவறு. எதிர்நிலையிலிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் தள்ளிய காலத்தில், விளிம்பிலிருந்து கோளின் ஆரம் அளவுக்கு விலகி, வெற்று வானத்தில் ஐஓ ஒளிரத் தொடங்கும். தொலைநோக்கி படத்தைத் தலைகீழாகவோ இடவலமாகவோ மாற்றிக் காட்டுகிறதா என்பதையும் முன்னதாகவே அறிந்திருக்க வேண்டும். கலிஸ்டோவின் நிலை வேறு. சில ஆண்டுகள் அது நிழலைத் தொடாமலே கடந்துவிடுவதால், அக்காலத்தில் அதற்குக் கிரகணமே இராது.

மிகுதியான பிழை நுழைவது 'மறைந்த கணம்' என்ற கருத்தில்தான். நிலவு ஒரு புள்ளியாகத் தெரிந்தாலும் அது புள்ளியன்று. 3,640 கிலோமீட்டர் விட்டமுள்ள ஐஓ, வினாடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வேகத்தில் நிழலின் விளிம்பைக் கடக்க மூன்றரை நிமிடம் ஆகிறது. கனிமீடுக்கு எட்டு நிமிடமாவது தேவை. நிழலின் விளிம்பைச் சாய்வாக வெட்டும் காலங்களில் இன்னும் கூடும். கடைசியாகக் கண்ணுக்குத் தெரிந்த கணத்தைக் குறித்தால், பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர் சிறியது வைத்திருப்பவரைவிடத் தாமதமாகவே எழுதுவார். வெளிவரும்போது முந்தி எழுதுவார். புகுதலையும் வெளிவருதலையும் (ஐஓவுக்கு எதிர்நிலைக்கு முன்னும் பின்னும்) ஒரே கருவியில் பார்த்துச் சராசரி எடுத்தால் இப்பிழை பெருமளவு தீரும். அதைவிட நல்ல வழி, காணொளியாகப் பதிந்து, ஒளி சரிபாதியாகக் குறைந்த கணத்தைக் கணக்கிடுவது. அப்போது ஒப்பீட்டுக்காக அருகிலுள்ள மற்றொரு நிலவின் ஒளியையும் அளக்க வேண்டும். பழனி மலையில் மஞ்சு மெல்ல ஏறும்போதும், கண்ணாடியில் பனி படியும்போதும் நிலவு கிரகணத்தைப் போலவே படிப்படியாக மங்கும். இரண்டு நிலவுகளும் ஒன்றாக மங்கினால் அது வியாழனின் நிழலன்று.

நேரத்தைப் பொறுத்தவரை, வேண்டாத திருத்தங்களே கேடு செய்கின்றன. கொடைக்கானலின் உள்ளூர்ச் சூரிய நேரம் இந்தியத் திட்ட நேரத்திற்கு 20 நிமிடம் பின்தங்கியது என்று அறிந்த சிலர் அதையும் கழித்துவிடுகிறார்கள். கிரகணம் எல்லா ஊருக்கும் ஒரே கணத்தில் நிகழ்வதால் இடத்திற்கென்று திருத்தம் எதுவும் தேவையில்லை. (அந்த ஒருமையைப் பயன்படுத்தித்தான், கொடைக்கானல் ஆய்வகத்தின் முன்னோடியான மெட்ராஸ் வான் ஆய்வகத்தின் தீர்க்கரேகையை அங்குப் பணியாற்றிய வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் கணக்கிட்டார்.) ஒளி வந்துசேரும் நேரமும் அப்படியே. பூமியிலிருந்து காண்போருக்கென வெளியிடப்படும் கணிப்புகளில் அது ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும்; மறுபடியும் கழித்தால் அரை மணிக்கு மேல் பிழை வரும். மாறாக, கணிப்பு உலகப் பொது நேரத்தில் உள்ளதா, வானியலாளர்களின் சீரான புவி நேரத்தில் உள்ளதா என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. இரண்டுக்கும் இன்றைய வேறுபாடு ஏறத்தாழ 69 வினாடி. சமிக்ஞை கிடைக்காத மலைச்சரிவில் கைப்பேசிக் கடிகாரத்தை நம்பாமல், செயற்கைக்கோள் நேரத்தோடு அன்றைக்கே ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தனியே எழுதி வைக்க வேண்டும். கண்ட நேரத்தைத் திருத்தாமல் ஒரு பத்தியிலும், திருத்தங்களை அடுத்த பத்தியிலும் எழுதுவதே முறை.

அடுத்தடுத்த கிரகணங்களின் இடைவெளியை நிலவின் சுற்றுக்காலமாகக் கொள்வதும் சரியன்று. வியாழன் சூரியனைச் சுற்றி நகர்வதால் நிழலின் திசையும் நகர்கிறது. எனவே ஐஓவின் கிரகண இடைவெளி அதன் உண்மையான சுற்றுக்காலத்தைவிட 62 வினாடி அதிகம். இதற்கு மேல், எதிர்நிலைக்குச் சில மாதங்கள் முன்போ பின்போ, பூமி வியாழனை நெருங்கும்போதும் விலகும்போதும் ஒளி கடக்கும் தூரம் மாறுவதால் இடைவெளி சுற்றொன்றுக்கு 15 வினாடிவரை குறையும் அல்லது கூடும். இப்படிச் சேர்ந்த தாமதத்தைக் கொண்டே, 1676 நவம்பரில் நிகழவிருந்த ஐஓவின் கிரகணம் பத்து நிமிடம் பிந்தும் என்று டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமர் பாரிஸில் முன்கூட்டி அறிவித்தார்; ஒளி வந்துசேர நேரம் ஆவதே காரணம் என்பது அவர் விளக்கம். பாரிஸ் வான் ஆய்வகத்தை நடத்திவந்த காசினி அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. மற்ற நிலவுகளின் நேரங்கள் அந்த விளக்கத்திற்குள் அடங்கவில்லை என்பது காசினியின் வாதம், அதில் நியாயமும் இருந்தது.

ஐஓ, யூரோப்பா, கனிமீடு மூன்றும் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அவற்றின் கிரகணங்கள் சீராக வருவதில்லை. யூரோப்பாவுடையது சீரான கணக்கிலிருந்து கால் மணி நேரம்வரை முந்தவோ பிந்தவோ கூடும். அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 437 நாளுக்கு ஒருமுறை திரும்பி வருகிறது. ஆகவே வரைபடத்தில் நேர்கோட்டில் அமையாத யூரோப்பாப் பதிவைப் பிழையென்று நீக்கிவிடாமல், அடுத்த பருவத்தின் பதிவுகளோடு சேர்த்து வரைந்த பிறகே எதைத் தள்ளுவது என்று முடிவு செய்ய வேண்டும்.