பெயர் தெரியாத ரோஜா: அடையாளம் காணும்போதும் வைத்தியம் பார்க்கும்போதும் செய்யும் தவறுகள்

குடிபோன வீட்டில் ஏற்கெனவே ஒரு ரோஜாச் செடி நிற்கும். என்ன ரகம், யார் வைத்தது, ஒன்றும் தெரியாது. முதல் பூ விரிந்ததும் ஒரு படம் எடுத்து, "இது என்ன ரோஜா?" என்று கேட்கிறோம். முதல் தவறே அதுதான். பூவை மட்டும் வைத்துப் பெயர் சொல்லிவிட முடியாது. அதே செடி குளிரில் அடர்ந்த நிறத்தில் பூக்கும். கடும் வெயிலில் பூ சிறுத்து வெளிறிப்போகும். 'மியூட்டபிலிஸ்' என்ற பழைய சீன ரோஜா மஞ்சளாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, கருஞ்சிவப்பாக முடியும். மூன்று நிறமும் ஒரே நாளில் ஒரே செடியில் நிற்கும்.

மொட்டு, பூவின் பின்பக்கம், முழு இலை, தண்டில் உள்ள முள், காய் பிடித்திருந்தால் காய், தள்ளி நின்று எடுத்த முழுச்செடி, எல்லாமே படத்தில் வேண்டும். மணம் படத்தில் வராது, எழுதி வையுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், வருடத்தில் ஒரே ஒரு பருவம் பூக்கிறதா, விட்டுவிட்டுப் பூக்கிறதா என்பது. அது தெரிந்தாலே ஏராளமான ரகங்களைத் தள்ளிவிடலாம். அதற்கு ஒரு வருடம் ஆகும் என்றால் ஆகட்டும். அவசரத்தில் வைத்த தப்புப் பெயரை நம்பித்தான் பலர் கவாத்தும் தப்பாகச் செய்கிறார்கள்.

"என் மஞ்சள் ரோஜா சிவப்பாக மாறிவிட்டது" என்பார்கள். பெரும்பாலும் அது மாறியிருக்காது. கடையில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. மேலே ஒட்டிய ரகம் செத்து, அடியில் வேருக்காக வைத்த வேறு ரோஜா, அதாவது வேர்ச்செடி, தழைத்திருக்கும். 1920இல் வெளிவந்த 'டாக்டர் ஹியூ' அமெரிக்காவில் வேர்ச்செடியாக நிறையப் பயன்பட்ட ரகம். நீண்டு வளையும் கிளைகள், வருடத்துக்கு ஒருமுறை கருஞ்சிவப்புப் பூ. அங்கே பெயர் தெரியாத சிவப்பு ரோஜா என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒரே இலைக்காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் அது வேர்ச்செடியின் கிளை என்று எண்ணி வெட்டிவிடுகிறார்கள். நல்ல ரகங்கள் பலவற்றிலும் ஏழு இருக்கும். எண்ணுவதை விட்டுவிட்டு, அடிமண்ணைக் கையால் விலக்கி, கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். ஒட்டுப்போட்ட முடிச்சுக்குக் கீழே என்றால் அது வேர்ச்செடிதான். தரைமட்டத்தில் கத்தரித்தால் மறுபடி துளிர்க்கும். கிளம்பும் இடத்திலேயே பிய்த்து எடுங்கள்.

சரி, நோய்க்கு வருவோம். இலை மஞ்சளானதும் உரம் போடுவதுதான் எங்கும் நடக்கிறது. எந்த இலை என்று யாரும் பார்ப்பதில்லை. நரம்பு பச்சையாக இருந்து தளிர் மட்டும் வெளிறினால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை. பெரும்பாலும் மண்ணின் காரத்தன்மைதான் அதைத் தடுத்து வைத்திருக்கும். அடி இலை மஞ்சளாகி, அதில் ஓரம் பிசிறடித்த கருவட்டங்கள் இருந்தால் கரும்புள்ளி நோய். இலை ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தால் இது தொற்றிவிடும். அதனால் சாயங்காலம் இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள். புள்ளியே இல்லாமல் செடி முழுக்க மஞ்சளானால் மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். தண்ணீர் குறைந்தாலும் மஞ்சள், தேங்கினாலும் மஞ்சள்.

இலையில் பொடிப்பொடியாக வெளிறிய புள்ளிகள் இருந்தால் ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துத் தட்டுங்கள். தூசு விழும். அந்தத் தூசு ஊர்ந்தால் சிலந்திப்பேன். அது பூச்சி இனமே இல்லை. சாதாரணப் பூச்சிமருந்து அடித்தால் அதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகும், பேன் இன்னும் பெருகும். இலையோரத்தில் கத்தரித்ததுபோல அரைவட்டம் காணாமல் போயிருந்தால் அது இலைவெட்டித் தேனீ, கூட்டுக்காக எடுத்துப்போயிருக்கிறது. அதற்கு எந்த மருந்தும் வேண்டாம்.

அப்புறம், சிவப்புத் தளிர். 'ரோஸ் ரோசெட்' என்ற வைரஸ் நோயைப் பற்றிப் படித்துவிட்டுப் பயந்து செடியையே பிடுங்கியவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சிறு பேன் பரப்பும் நோய் அது, மருந்து கிடையாது, பயம் நியாயம்தான். ஆனால் நல்ல ரோஜாவின் தளிரும் சிவப்பாகத்தான் வரும், முற்றும்போது பச்சையாகும். நோய்த்தளிரில் தண்டு தடித்து, முள் அளவுக்கு மீறி அடர்ந்து, கிளைகள் துடைப்பம் போலக் கொத்தாகும். பக்கத்தில் தெளித்த களைக்கொல்லி பட்டாலும் தளிர் கோணலாகக் கொத்துக்கொத்தாக வரும், அதையும் விசாரியுங்கள். வெறும் சிவப்புதான் என்றால், அந்தத் தளிரில் ஒரு நூலைக் கட்டிவிட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து வந்து பாருங்கள்.