தூண்டிலுக்கு ஈயக்குண்டு: முதல் தடவை உருக்கி வார்ப்பவர்களுக்கு

வண்டியூர் கண்மாய்க் கரையில் தக்கை கட்டி ஜிலேபி மீன் பிடிக்கிறவரைக்கும் ஈயம் ஒரு செலவே இல்லை. வைகை அணைப் பக்கம் போய் கட்லாவுக்குத் தக்கை இல்லாமல் அடித்தூண்டில் போட ஆரம்பித்த பிறகுதான் தெரியும், தண்ணீருக்குள் கிடக்கிற கருவேல மூட்டில் மாட்டி ஒரே பகலில் ஐந்தாறு குண்டு தூண்டில் நரம்போடு அறுந்து போய்விடும். அப்போதுதான் நாமே வார்த்தால் என்ன என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: உருகிய ஈயத்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மூழ்கக் கூடாது. தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும், அந்த விரிவு சட்டியில் இருக்கும் ஈயத்தை அப்படியே மேலே தூக்கி எறியும். காலையில் கழுவிக் கவிழ்த்து வைத்த கரண்டியை மதியம் காய்ந்திருக்கும் என்று நம்பி நான் சட்டியில் விட்டேன். கைப்பிடி பொருந்துகிற மடிப்புக்குள் ஈரம் இருந்திருக்கிறது. டப் என்று ஒரு சத்தம், முழங்கைக்குக் கீழே மூன்று இடத்தில் சுட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. முகத்தில் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது.

சரி, ஈயம் எது? ஈயச்சொம்பில் ரசம் வைக்கிறோமே அது வெள்ளீயம், 232 டிகிரியில் உருகும், விலையும் அதிகம். நமக்கு வேண்டியது காரீயம். இது உருக 327 டிகிரி வேண்டும், ஒரு கன சென்டிமீட்டர் 11.34 கிராம் எடை இருக்கும். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள், காரீயம் விஷம். பழைய இரும்புக் கடையில் தகடாகவோ குழாயாகவோ கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் டயர் கடையில் சக்கரம் பேலன்ஸ் பண்ணும்போது கழற்றிப் போடுகிற எடைக்கட்டிகளைக் கேளுங்கள். அதில் இப்போது துத்தநாகமும் இரும்பும் நிறையக் கலந்து வருகின்றன, பிரித்தே ஆக வேண்டும். கட்டிங் பிளேயரால் ஓரத்தைக் கடித்துப் பாருங்கள். ஈயம் என்றால் பல் பதியும், காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழும். துத்தநாகம் பிடி கொடுக்காது, தரையில் போட்டால் கணீரென்று ஒலிக்கும். அது 419 டிகிரியில்தான் உருகும் என்பதால் சூட்டை அளவாக வைத்திருந்தால் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் அள்ளிவிடலாம். சூடு ஏறி அது உருகிக் கலந்துவிட்டாலோ ஈயம் கூழாகி அச்சில் ஓடாது.

பேட்டரியை உடைத்து ஈயம் எடுக்கவே எடுக்காதீர்கள். சும்மா கிடைக்கிறது என்று யாராவது கொடுத்தாலும் வேண்டாம். உள்ளே கந்தக அமிலம், அதோடு தகட்டில் ஆர்சனிக், ஆன்டிமனி எல்லாம் உண்டு, உருக்கும்போது வருகிற புகை ஆளைக் கொல்லக்கூடியது.

அச்சுக்கு வருவோம். விளாச்சேரியில் பொம்மை செய்கிறவர்கள் பிளாஸ்டரில் இரட்டை அச்சு வைத்திருப்பதைப் பார்த்து அதே மாதிரி செய்யலாம் என்று எல்லாருக்கும் ஆசை வரும். பிளாஸ்டர் வெயிலில் எவ்வளவு காய்ந்தாலும் உள்ளுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் தடவைக்கு அது வேண்டாம். லேத் பட்டறையில் இரண்டு தட்டையான அலுமினியத் துண்டுகளைச் சேர்த்து இறுக்கி, இரண்டும் ஒட்டுகிற கோட்டிலேயே 12 மில்லிமீட்டர் அகலத்தில் 30 மில்லிமீட்டர் ஆழம் துளை போடச் சொல்லுங்கள், அதன் அடி நடுவில் 2 மில்லிமீட்டரில் ஒரு சின்னத் துளை. அந்தச் சின்னத் துளையில் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை நட்டு நிறுத்தினால் குண்டுக்கு நடுவில் நரம்பு போகிற ஓட்டை தானாக வந்துவிடும். இந்த அளவுக்கு ஒரு குண்டு சுமார் 37 கிராம் வரும். “எதுக்குண்ணே இது?” என்று பட்டறைக்காரர் கேட்டால் ஒரு பழைய தூண்டில் குண்டைக் காட்டிவிடுங்கள். துப்பாக்கி ரவையும் கிட்டத்தட்ட இதே முறையில்தான் வார்க்கிறார்கள், ஆனால் அதற்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், அதனால் அவர் தயங்குவதில் நியாயம் உண்டு.

இடம் வெட்டவெளியாக இருக்கட்டும். சமையலறை கூடாது, மொட்டை மாடியில் வடாம் காய்கிற மூலையும் கூடாது. காற்று உங்கள் முதுகிலிருந்து அடுப்புப் பக்கம் போக வேண்டும். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது. லுங்கியும் செருப்புமாக உட்காராதீர்கள், பருத்தியில் முழுக்கால் சட்டை, முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ, தோல் கையுறை, கண்ணாடி எல்லாம் வேண்டும். தலையில் துண்டு கட்டுங்கள். மதுரை வெயிலில் நெற்றி வேர்வை சொட்டுகிற வேகம் உங்களுக்கே தெரியும், அது சட்டிக்கு நேரே விழும். மழை மூட்டமாக இருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

கரி அடுப்போ பம்ப் ஸ்டவ்வோ போதும். சட்டியும் கரண்டியும் இரும்பாக இருக்கட்டும், அலுமினியச் சட்டி சூட்டில் வலுவிழந்துவிடும். இந்தச் சட்டியும் கரண்டியும் இனி எந்தக் காலத்திலும் சமையலுக்குத் திரும்பக் கூடாது, பெயின்டில் ஒரு அடையாளம் போட்டுவிடுங்கள். முதல் ஈட்டு ஈயத்தைச் சட்டி குளிர்ந்திருக்கும்போதே போட்டு மெதுவாகச் சூடேற்றுங்கள், ஒட்டியிருக்கிற ஈரம் அப்போதே போய்விடும். நடுவில் புதுத் துண்டு சேர்ப்பதானால் அடுப்போரத்தில் நன்றாகச் சுட வைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். கரண்டிக்கும் இதே விதி.

உருக ஆரம்பித்ததும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். துண்டுகளின் ஓரம் மழுங்கி, பிறகு ஒன்றோடொன்று இழைந்து, திடீரென்று எல்லாமே பாதரசம் மாதிரி பளபளக்கும். எடைக்கட்டியில் இருந்த இரும்புக் கொக்கிகள் ஈயத்தைவிட லேசு என்பதால் மேலே மிதக்கும். சுண்டைக்காய் அளவு மெழுகு போட்டுக் கிண்டினால் அழுக்கெல்லாம் திரண்டு கசடாக மேலே வரும். மெழுகு குப்பென்று தீப்பிடிக்கும், அதனால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கசடை வழித்து ஒரு தகர டப்பாவில் போடுங்கள். வழித்த இடம் கண்ணாடி மாதிரி இருந்தால் சூடு சரி. அதில் மஞ்சளும் நீலமும் ஊதாவுமாக நிறம் ஓடினால் சூடு அதிகம், தீயைக் குறையுங்கள். சூடு கூடக் கூட ஈய ஆவியும் கூடும்.

அச்சின் உள்பக்கத்தையும் ஸ்போக்ஸ் கம்பியையும் எரிகிற கற்பூரத்தின் புகையில் காட்டிக் கரி பிடிக்க விடுங்கள், குண்டு ஒட்டாமல் வரும். அச்சை அடுப்போரத்தில் சூடாக்கி, பிறகு இறுக்கிப் பிடித்து, ஒரே ஓட்டமாக ஊற்றுங்கள், நடுவில் நிறுத்தாதீர்கள். உறையும்போது ஈயம் சுருங்கும் என்பதால் மேல்பக்கம் குழி விழும், அதனால் துளை நிரம்பிக் கொஞ்சம் குமிழாக நிற்கிற வரைக்கும் ஊற்ற வேண்டும். பளபளப்பு மங்கியதும் அரை நிமிடம் பொறுத்து அச்சைத் திறந்து, பிளேயரால் கம்பியைத் திருகி உருவுங்கள். முதல் நாலைந்து குண்டு சுருக்கம் சுருக்கமாகத்தான் வரும். அச்சு இன்னும் சூடாகவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆறவிட்டுத் திரும்ப அடுப்போரத்தில் காய வைத்துச் சட்டியில் போட்டுவிடலாம். வார்த்த குண்டைக் குளிர்விக்கத் தண்ணீர் வாளி வைக்காதீர்கள், மண் தரையில் கிடந்து தானே ஆறட்டும். சுட்டுக்கொண்டால் குழாயைத் திறந்து இருபது நிமிடம் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், மை எதுவும் தடவ வேண்டாம்.

முடித்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிவிட்டுத்தான் டீ, வெற்றிலை, பீடி எதுவும். அன்று உடுத்திய துணியைத் தனியாகத் துவையுங்கள். ஈயம் பெரும்பாலும் நம் உடம்புக்குள் போவது கையிலிருந்து வாய் வழியாகத்தான். கண்மாய்க் கரையில் சின்ன ஈயமணியைப் பல்லால் கடித்து நரம்பில் இறுக்குகிறார்களே, பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு பதறும். பையன்களும் அப்படியே பழகுகிறார்கள். பிளேயர் ஒன்று பையில் வைத்திருங்கள்.

அந்தச் சின்ன மணிகளை வார்க்கவும் வேண்டாம் என்பேன். வாத்து, தாரா போன்றவை மண்ணில் கிடக்கும் சிறு கல்லென்று நினைத்து அதை விழுங்கிச் செத்துப் போகின்றன. இங்கிலாந்தில் 0.06 கிராமுக்கு மேல் 28 கிராம் வரையான தூண்டில் ஈயத்தை 1987-லேயே தடுத்துவிட்டார்கள். நம் கண்மாய்களுக்கும் பறவைகள் வருகின்றன. கசடையும் கண்மாயிலோ கிணற்றுப் பக்கமோ கொட்டாமல் டப்பாவை மூடி வைத்து, ஈயக் கசடு என்று சொல்லியே பழைய ஈயம் வாங்குகிறவரிடம் கொடுங்கள்.

கடைசி வேலை, பிசிறு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் பறக்கும், கத்தியால் சீவினாலே போதும். துளையின் இரண்டு வாயிலும் பெரிய டிரில் பிட்டைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், கூர் மழுங்கிவிடும். பிறகு நரம்பைக் கோத்து நாலு தடவை இழுத்துப் பாருங்கள். எங்கும் சுரண்டாமல் வழுக்கிக்கொண்டு ஓடினால் முள்ளைக் கட்டலாம்.