திடப்படுத்தல் வகுப்பு (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் வகுப்பு) எடுப்பவர்களுக்கு: பத்துக் கற்பனைகளில் (பத்துக் கட்டளைகளில்) பிள்ளைகள் தடுமாறும் இடம்

மார்ட்டின் லுத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில், பிள்ளைகள் முதலில் குழம்புவது கற்பனைகளின் எண்வரிசையில்தான். தென்னிந்தியத் திருச்சபை வரிசையில் "கொலை செய்யாதிருப்பாயாக" 6-ஆம் கற்பனை, லுத்தரன் சபையாரான நமக்கு 5-ஆவது. விக்கிரகம் பற்றியதை நாம் முதலாவதோடு சேர்த்து, இச்சிப்பதை 9, 10 என்று பிரிக்கிறோம். வேறு சபை நண்பர்களோடு படித்த பிள்ளைக்கு இது தெரியாது. சரியாகப் படித்தும் தப்பாகச் சொல்லிவிடும். முதல் வகுப்பிலேயே இரண்டு வரிசையையும் பலகையில் அருகருகே எழுதிக் காட்டிவிடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கற்பனைக்கும் லுத்தர் தரும் விளக்கங்கள். 2 முதல் 10 வரை எல்லாமே தேவனுக்குப் பயந்து அவரை நேசிப்பதில்தான் தொடங்கும். அதை ஒருமுறை படித்தால் போதும். மீதியில் பெரும்பாலும் இரண்டு பாதி: செய்யக் கூடாதது, செய்ய வேண்டியது. பிள்ளைகள் விடுவது இரண்டாவதை. நம் கருத்தில் உயிரே அங்கேதான் இருக்கிறது. 8-ஆவதை எடுங்கள். பொய் சொல்லாதே என்பதோடு நிறுத்தாமல், பிறனுக்காகப் பரிந்து பேசவும் சொல்கிறார் லுத்தர். "வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தியைக் கேலி செய்து ஸ்கிரீன்ஷாட் வருது. அவளுக்காக நீ என்ன எழுதுவாய்?" என்று கேளுங்கள். பதிலை நோட்டில் எழுதட்டும்.

வாரம் ஒரு கற்பனை போதும். ஒப்பிக்கும்போது வரிசை மாற்றிக் கேளுங்கள். கூச்சப்படும் பிள்ளையை வகுப்பு முடிந்தபின் தனியாகக் கேளுங்கள், பெற்றோர் முன்னால் வேண்டாம்.

ஞானஸ்நானச் சான்றிதழை முதல் மாதமே வாங்கிப் பாருங்கள். வேறு ஊர்ச் சபையில் பெற்றதாக இருந்தால், நகல் வரவும் பெயரில் எழுத்துப்பிழை திருத்தவும் நாளாகும்.