உங்கள் பகுதிப் பூங்காவுக்கு என்ன தேவை? நீங்களே கணக்கெடுக்கலாம்

"பூங்காவை மேம்படுத்தித் தாருங்கள்" என்று மொட்டையாக மனு கொடுத்தால் பெரும்பாலும் புது பெயின்ட்தான் கிடைக்கும். எது, எங்கே, எப்படிப் பழுதாகியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் கதையே வேறு. சென்னை மாநகராட்சிப் பூங்காவை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. படம் வரையுங்கள்

ஒரு தாளில் வாசல், நடைபாதை, விளையாட்டுத் திடல், கழிப்பறை, விளக்குக் கம்பங்களைக் குறியுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. கம்பங்களுக்கும் பெஞ்சுகளுக்கும் எண் கொடுங்கள். பிறகு "4-ம் கம்பம் எரியவில்லை" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

2. வெவ்வேறு நேரங்களில் போங்கள்

காலை 6 மணி, மாலை 5 மணி, இருட்டிய பிறகு. ஞாயிறு ஒரு முறை. யார் வந்திருக்கிறார்கள் என்பதோடு யார் வரவில்லை என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இருட்டியதும் பெண்கள் கிளம்பிவிடுகிறார்களா? அண்ணாந்து பாருங்கள். கம்பம் இருக்கும், விளக்கும் எரியும், ஆனால் கிளை மறைத்து வெளிச்சம் கீழே வராது. அங்கே தேவை கிளையைக் கழிப்பது. புதுக் கம்பம் தண்டச் செலவு.

3. வசதிகளைத் தொட்டுப் பாருங்கள்

கழிப்பறையில் தொடங்குங்கள். இருக்கிறதா என்பதை விட, திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பூட்டிக் கிடந்தால் சாவி யாரிடம் என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். பல பிரச்சினைகள் அந்த ஒரு பேச்சிலேயே வெளியே வந்துவிடும்.

அப்புறம் வாசல். டூவீலர் நுழையாமலிருக்க வைத்த வளைவுக் கம்பி, சக்கர நாற்காலியையும் வெளியே நிறுத்திவிடும். டேப் வைத்து அளந்து பாருங்கள், 90 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். சாய்தளம் 1-க்கு 12 என்ற கணக்கில் இருக்க வேண்டும். அதாவது 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளம். ஒப்புக்குச் சிமென்ட் பூசிய செங்குத்துச் சரிவுகளை நிறையப் பார்க்கலாம்.

விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் சங்கிலி மாட்டியிருக்கும் கொக்கி தேய்ந்திருக்கிறதா, சறுக்கு மரத்தின் விளிம்பில் தகரம் பிளந்திருக்கிறதா, குழந்தை விழும் இடத்தில் மணலா சிமென்ட் தரையா என்று பாருங்கள். தகரச் சறுக்கில் வெயில் நேரத்தில் கை வைத்தாலே விஷயம் புரியும். நடைபாதையில் தூக்கிக்கொண்டிருக்கும் பேவர் பிளாக்குகளையும் குறியுங்கள், பெரியவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான்.

4. மரமும் தண்ணீரும்

அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் போட்டிருந்தால் படம் எடுங்கள். வேருக்குக் காற்றும் நீரும் போகாது, மரத்தின் பிடிப்பும் தளரும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மழை விட்ட பிறகு ஒரு நடை போய், தண்ணீர் எங்கே தேங்குகிறது என்றும் பாருங்கள்.

5. தரம் பிரியுங்கள்

ஆபத்தானவை, பழுதானவை, புதிதாகத் தேவைப்படுபவை என்று மூன்றாகப் பிரியுங்கள். எல்லாரும் முதலில் கேட்பது ஓபன் ஜிம். என்னைக் கேட்டால், கழிப்பறை பூட்டிக் கிடக்கும் பூங்காவில் அதைக் கடைசியில் வைக்கலாம்.

6. உரிய இடத்தில் கொடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே புகாரில் திணிக்க வேண்டாம். விளக்குக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று எனத் தனித்தனியாக, புகைப்படத்தோடு மாநகராட்சியின் 'நம்ம சென்னை' செயலியில் போடுங்கள். மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் போன் செய்தும் சொல்லலாம். உங்கள் புகாருக்குத் தரும் பதிவு எண்ணைப் பத்திரமாக வையுங்கள். புது வசதிகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். அதனால் அந்தப் பட்டியலை வார்டு கவுன்சிலரிடம் நேரில் கொடுத்து, பகுதி மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டத்திலும் பேசுங்கள்.

பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் விடப்பட்டிருந்தால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒப்பந்த நகல் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தினமும் எத்தனை பேர் வேலைக்கு வர வேண்டும், கழிப்பறையை யார் கழுவ வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.