விஸ்கான்சினில் குடியேறிய ஜெர்மன் விவசாயியின் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போய் விவசாயம் பார்த்த மூதாதையரைத் தேடுகிறவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே ஜெர்மன் ஆவணங்களைப் புரட்டப் போய்விடுகிறார்கள். அது வீண்வேலை. அங்கே ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் சபை வாரியாக, ஊர் வாரியாக எழுதப்பட்டவை. ஊர்ப் பெயர் தெரியாமல் எந்தப் பதிவேட்டைத் திறப்பது? அந்தப் பெயர் பெரும்பாலும் அமெரிக்கப் பதிவு ஒன்றில்தான் கிடைக்கும். விஸ்கான்சின் மாநிலத்தை வைத்து வழியைப் பார்ப்போம்.

படி 1: பின்னோக்கி நடங்கள்

ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆவணத் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஆளை 1950 அல்லது 1940 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிடித்து, பத்துப் பத்து ஆண்டாகப் பின்னால் போங்கள். 1890 தாள்களில் பெரும்பகுதி 1921 தீ விபத்தோடு போயிற்று. 1900-லிருந்து நேரே 1880-க்குத் தாவ வேண்டும். இடைவெளியில் விஸ்கான்சின் மாநிலமே எடுத்த 1885, 1895 கணக்குகள் உண்டு, ஆனால் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும்.

1900 தாளை நிதானமாகப் படியுங்கள். பிறந்த மாதமும் ஆண்டும், அமெரிக்கா வந்த ஆண்டு, திருமணமாகி எத்தனை ஆண்டு, மனைவி பெற்ற பிள்ளைகள் எத்தனை, உயிரோடிருப்போர் எத்தனை என்று எல்லாம் இருக்கும். திருமணமாகி 14 ஆண்டு என்றிருக்க, மூத்த மகனுக்கு 19 வயது என்றால் தாளில் உள்ள மனைவி இரண்டாம் மனைவியாக இருக்க வாய்ப்பு அதிகம். 1910 தாளில் ‘எம்1’ (முதல் திருமணம்), ‘எம்2’ (இரண்டாம் திருமணம்) என்ற குறி இதை உறுதிசெய்யும். இதைக் கவனிக்காதவர்கள் தவறான பெண்ணின் பெற்றோரைத் தேடி மாதக்கணக்கில் அலைவார்கள்.

வந்த ஆண்டை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் ஒவ்வொரு ஆண்டு சொல்லியிருப்பார்கள். 1870, 1880 தாள்களில் பிள்ளைகளின் பிறப்பிடத்தைப் பாருங்கள். கடைசியாக ஜெர்மனியில் பிறந்த பிள்ளைக்கும் முதலில் விஸ்கான்சினில் பிறந்த பிள்ளைக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் கப்பல் ஏறியிருக்கிறார்கள்.

படி 2: ‘பிரஷ்யா’ என்பதை எடைபோடுங்கள்

ஜெர்மனி ஒரே நாடானது 1871-இல். அதற்கு முந்தைய தாள்களில் பிரஷ்யா, ஹனோவர், பவேரியா, மெக்லன்பர்க் என்று தனித்தனி அரசுகளாக எழுதியிருப்பார்கள். ஹனோவரைப் பிரஷ்யா 1866-இல் இணைத்துக்கொண்டதால், 1860-இல் ஹனோவர் என்றவர் 1870-இல் பிரஷ்யா, 1900-இல் ஜெர்மனி என்று வரலாம். மூன்றும் ஒரே ஆள்தான். பழைய தாளில் உள்ள சிறிய பெயரே உங்களுக்கு அதிகம் உதவும்.

ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் 1850 முதல் 1880 வரை கணக்கெடுப்போடு எடுத்த விவசாயப் பட்டியல் கைகொடுக்கும். எத்தனை ஏக்கர் திருத்திய நிலம், எத்தனை கறவை மாடு, எத்தனை புஷல் (தானிய அளவு) கோதுமை என்று பண்ணைவாரியாக இருக்கும். 40 ஏக்கர்காரரும் 160 ஏக்கர்காரரும் ஒருவரல்ல என்பது அங்கே தெரிந்துவிடும்.

படி 3: பெயர் அகப்படாதபோது

எழுதியவர் காதில் விழுந்ததை எழுதினார். B–P, D–T, G–K எழுத்தொலிகள் ஒன்றுக்கொன்று மாறும். பெயரே ஆங்கிலமாகவும் மாறும்: பவுவர் (Bauer) என்பவர் பவர் (Bower) ஆகியிருப்பார், கோக் (Koch) என்பவர் குக் (Cook) ஆகியிருப்பார். குடும்பப் பெயரைக் காலியாக விட்டு, முதற்பெயர், பிறந்த ஆண்டில் இரண்டு முன்பின், பிறந்த நாடு, கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம்) ஆகியவற்றை மட்டும் இட்டுத் தேடுங்கள். யோஹான் ஹைன்ரிஷ் என்று ஞானஸ்நானம் பெற்றவரை வீட்டில் ஹைன்ரிஷ் என்றுதான் கூப்பிட்டிருப்பார்கள். கணக்கெடுப்பில் ஹென்றி என்று இருக்கும்.

வடமேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பக்கத்துக் குடும்பம் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே பண்ணைக்கு வாரிசான பெண்ணைக் கட்டியவர் அந்தப் பண்ணையின் பெயரையே தன் பெயராக ஏற்பது வழக்கம்.

படி 4: திருமணப் பதிவு

விஸ்கான்சினில் 1907-க்கு முந்தைய திருமணங்களின் அட்டவணை மாநில வரலாற்றுச் சங்கத்திடம் உள்ளது. அட்டவணையோடு நிற்காமல் மூலப் பதிவின் படத்தையும் வாங்கிப் பாருங்கள். மணமக்களின் பெற்றோர் பெயர், பிறப்பிடம், சாட்சிகள், நடத்திவைத்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பிறப்பிடம் வெறும் ‘ஜெர்மனி’ என்றே இருந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள். நடத்திவைத்தவர் போதகரா, சமாதான நீதிபதியா (சபைக்கு வெளியே திருமணம் நடத்தும் உள்ளூர் அதிகாரி) என்று பாருங்கள். போதகர் என்றால் அவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்று கவுண்டி வரலாற்று நூல்களில் தேடுங்கள். அந்தச் சபையின் பதிவேட்டில் அதே திருமணம் இன்னொரு முறை எழுதப்பட்டிருக்கும், பல சமயம் ஊர்ப் பெயரோடு.

அந்தப் பதிவேடு குரென்ட் (Kurrent) என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும். அதில் ‘இ’யும் (e) ‘என்’னும் (n) கிட்டத்தட்ட ஒன்றுபோல் தெரியும். முழுதும் கற்க நேரமில்லையென்றால் மூன்று சொற்கள் போதும்: ‘அவுஸ்’ (aus) என்றால் இன்ன ஊரிலிருந்து; ‘கெபோரெனெ’ (geborene) என்றால் பெண்ணின் பிறந்தவீட்டுப் பெயர்; ‘ட்ராவுட்சொய்கன்’ (Trauzeugen) என்றால் சாட்சிகள்.

படி 5: ஊரைச் சரிபார்த்தல்

கிடைத்த பெயரை 1912-ஆம் ஆண்டு மேயர்ஸ் ஊர்ப்பெயர் அகராதியில் தேடுங்கள்; இணையத்தில் இலவசம். நொயன்டோர்ஃப் (Neuendorf) போன்ற பெயரில் ஏராளமான ஊர்கள் இருக்கும். கணக்கெடுப்பில் கிடைத்த மாநிலப் பெயரை வைத்து வடிகட்டுங்கள். கத்தோலிக்கப் பதிவேடு என்றால் மட்ரிகுலா, புராட்டஸ்டண்ட் என்றால் ஆர்கியோன் தளம். கிழக்குப் பொமரேனியா என்றால் ஊர் இன்று போலந்தில் இருக்கும்; பல பதிவேடுகள் 1945-இல் அழிந்தும் போயின.

தம்பதியர் ஜெர்மனியிலேயே மணம் முடித்து வந்திருந்தால் படி 4 பலிக்காது. அப்போது மணமாகாமல் கூடவே வந்த தம்பி, தங்கையின் திருமணத்தைத் தேடுங்கள். சபையின் அடக்கப் பதிவிலும் பிறந்த ஊர் எழுதியிருக்க வாய்ப்புண்டு. அதற்கும் பலனில்லையென்றால், கணக்கெடுப்புத் தாளில் முன்பின் பக்கங்களில் உள்ள அண்டைவீட்டு ஜெர்மானியர் எந்த ஊர் என்று பாருங்கள். ஒரே கிராமத்தார் கூட்டமாக வந்து அருகருகே நிலம் வாங்குவது அன்று சாதாரணம்.